இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா (1952)

1952-ஆம் ஆண்டு ஜனவரி 24 முதல் பிப்ரவரி 1 வரை பம்பாயில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழா, இந்தியாவில் மட்டுமன்றி ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவதாகும். மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் இதனை நடத்தியது. பம்பாய்க்குப் பிறகு சென்னை, டெல்லி, கல்கத்தா, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களுக்கும் இவ்விழா சென்றது. 23 நாடுகள் பங்கேற்றன. ஏறத்தாழ 40 முழுநீளப் படங்களும் 100 குறும்படங்களும் திரையிடப்பட்டன. இது போட்டி விழா அன்று. பரிசும் இல்லை, பதக்கமும் இல்லை.

திரைப்பட வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தப் புள்ளிவிவரங்களோடு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்த விழாவின் உண்மையான வரலாறு திரையில் ஓடிய படங்களில் மட்டும் இல்லை. எதிரே இருட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களிடமும் இருக்கிறது. அங்கே காட்டப்பட்ட படங்களில் பலவற்றை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னொரு முறை பார்க்க வாய்ப்புக் கிடைக்குமா என்றும் தெரியாது. ஒரு முறை பார்த்ததை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'இங்கிலீஷ் படம்' மட்டும் இருந்த காலம்

தமிழ்நாட்டில் வெளிநாட்டுப் படம் எதுவாயினும் அதற்கு 'இங்கிலீஷ் படம்' என்றே பெயர். இந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. சென்னையின் எல்பின்ஸ்டன், மினர்வா, கேசினோ முதலிய கொட்டகைகளில் ஓடிய அயல்நாட்டுப் படங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள். மீதி பிரிட்டிஷ் படங்கள். பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் போன்ற நாடுகளிலும் படம் எடுக்கிறார்கள் என்பது பத்திரிகை படிப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். அவற்றைப் பார்ப்பது என்பது வேறு காரியம்.

இந்த நிலை புதிதன்று. 1927-இல் ஆங்கில அரசு இந்திய ஒளிப்படக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். இந்தியாவில் அமெரிக்கப் படங்கள் பெருகிவிட்டன, அவற்றுக்கு எதிராகப் பிரிட்டிஷ் பேரரசின் படங்களுக்குச் சலுகை தர வேண்டுமா என்பது குழுவின் முன் வைக்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று. ஆள்பவர்களின் கவலை அமெரிக்காவா பிரிட்டனா என்பதோடு நின்றுவிட்டது. மூன்றாவது ஒரு நாட்டின் படத்தை இந்தியர் பார்க்க வேண்டும் என்று அப்போது யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. காரணம் அரசியலைவிட வணிகம். ஒரு வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்யும் விநியோகஸ்தர் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும்; பிரதிக்குப் பணம் கட்ட வேண்டும்; தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலம் பேசாத படமாயின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓட வேண்டும். நாலைந்து பெருநகரங்களில் சில காட்சிகள் ஓடினால் முதல் திரும்புமா? திரும்பாது. ஆகவே அவர் ஹாலிவுட் படத்தையே எடுப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விற்காத சரக்கை யார் கடையில் அடுக்குவார்?

எனவே விழா ஒன்றுதான் வழி. விழாவுக்கு வரும் படத்தை அந்தந்த நாடே அனுப்பிவைக்கும். முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஐரோப்பாவில் இம்முறை முன்பே வேரூன்றியிருந்தது. வெனிஸ் விழா 1932-இல் தொடங்கியது. கான் விழா 1946-இல் தொடங்கியது. அந்த முதல் கான் விழாவில் சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதாவது இந்தியப் படங்கள் வெளியே போய் விழாக் கண்டுவந்தன. வெளியுலகப் படங்கள் இங்கே வர ஒரு விழா இல்லாமலிருந்தது.

விழா உருவான விதம்

1949-இல் எஸ். கே. பாட்டீல் தலைமையில் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு, 1951-இல் அறிக்கை அளித்தது. திரைப்படப் பயிற்சி நிறுவனம், நிதி நிறுவனம் முதலியவை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசாங்கம் அதுவரை சினிமாவை வரி வசூலிக்கும் பொருளாகவும் தணிக்கை செய்யவேண்டிய பொருளாகவும்தான் பார்த்துவந்தது. சினிமாவும் கலை, அதை வளர்ப்பதில் அரசுக்குப் பங்கு உண்டு என்ற பேச்சு அப்போதுதான் தலையெடுத்தது. அந்தச் சூழலில்தான் விழா வந்தது. பிலிம்ஸ் டிவிஷனின் தலைமைத் தயாரிப்பாளராக இருந்த மோகன் பவ்நானி விழாப் பணிகளுக்குப் பொறுப்பேற்றார். பிரேம்சந்தின் கதையைக் கொண்டு 1934-இல் 'மில் மஜ்தூர்' எடுத்தவர் இவரே.

பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் ஆதரவு விழாவுக்கு இருந்தது. டெல்லியில் பிப்ரவரி 21 அன்று அவரே விழாவைத் தொடங்கிவைத்தார்.

வந்த படங்களில் சிலவற்றைச் சொன்னால் விழாவின் வீச்சுப் புரியும். இத்தாலியிலிருந்து ரோபர்த்தோ ரோசெல்லினியின் 'ரோம், ஓபன் சிட்டி', விட்டோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'மிராக்கிள் இன் மிலான்' ஆகிய மூன்று. ஜப்பானிலிருந்து 'யுகிவாரிசோ'. சோவியத் நாட்டிலிருந்து 'தி ஃபால் ஆஃப் பெர்லின்'. அமெரிக்காவின் சார்பில் வந்தது ழான் ரெனுவார் வங்காளத்தில் எடுத்த 'தி ரிவர்'. இந்தியாவின் சார்பில் நான்கு படங்கள்: இந்தியில் ராஜ் கபூரின் 'ஆவாரா', மராத்தியில் வி. சாந்தாராமின் 'அமர் பூபாளி', வங்காளியில் 'பாப்லா', தெலுங்கில் கே. வி. ரெட்டியின் 'பாதாள பைரவி'.

அது பனிப்போர்க் காலம். 'தி ஃபால் ஆஃப் பெர்லின்' போர்ப் படம் என்பதைவிட ஸ்டாலினுக்குப் பாடிய பரணி என்பதே பொருந்தும். கம்யூனிஸ்டுகள் விழாவைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்கள் என்று அமெரிக்க அரசு அஞ்சியது. 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்', 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படங்களின் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவை அது இந்தியாவுக்கு அனுப்பிவைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இதே காப்ராவின் நாட்டுப்பற்றின் மீது அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் ஐயம் எழுப்பியிருந்தனர்.

ஆனால் இரு வல்லரசுகளும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் படம் எடுப்பவர்களின் மனத்தில் நின்றவை அமெரிக்கப் படமும் அன்று, ரஷ்யப் படமும் அன்று. போரில் தோற்றுச் சிதைந்துகிடந்த இத்தாலியின் படங்களே நின்றன.

இருட்டில் ஒரு முறை

இன்றைய மாணவர்களுக்கு ஒன்றை விளக்கியாக வேண்டும். கைப்பேசியில் வேண்டிய காட்சியை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கும் வசதி அப்போது கனவிலும் இல்லை. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஒன்றரை மணிநேரப் படம் என்றால் எண்ணாயிரம் அடிக்கும் மேல். ஆயிரம் அடிச் சுருள்களாக ஒன்பது தகரப் பெட்டிகள். சினிமாக் கொட்டகையின் இயந்திர அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் இருக்கும். ஒரு சுருள் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். ஆபரேட்டர் உடனே அடுத்த இயந்திரத்தை முடுக்குவார். பழைய படங்களில் அந்தப் புள்ளியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகள் ஐந்து நகரங்களுக்குப் பயணம் செய்து, பிறகு தத்தம் நாடு திரும்பின. பம்பாய் விழா ஒன்பது நாள். முழுநீளப் படங்கள் நாற்பது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் நாளொன்றுக்கு நான்குக்கும் மேல் பார்க்க வேண்டும். எவராலும் முடியாது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று போயிற்று. விழாப் பார்வையாளரின் பழைய தலைவலி இது, இன்றும் தீரவில்லை.

மொழி அடுத்த தடை. இத்தாலியப் படத்தில் பாத்திரங்கள் பேசுவது இத்தாலி மொழி. அடியில் ஓடுவது ஆங்கிலம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே வசனத்தைப் பின்தொடர முடியும். 1952-இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு; அதிலும் ஆங்கிலம் அறிந்தவர் சிறு பகுதியினர். ஆகவே இவ்விழா மக்கள் விழாவாக இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏழைகளைப் பற்றிய படங்களை ஏழைகள் அல்லாதவர்கள் பார்த்தார்கள். இந்தக் குறை பின்வந்த விழாக்களிலும் நீங்கவில்லை.

இருந்தும், எழுத்தைப் படிக்காமலே புரிகிற படம் ஒன்று அங்கே இருந்தது. 'பைசிக்கிள் தீவ்ஸ்' கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். ரோம் நகரில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அவனது சைக்கிளை மீட்கிறாள். முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். இறுதியில் தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன்னே பிடிபடுகிறான்.

நாயகனாக நடித்தவர் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி. நடிகர் அல்லர், ஆலைத் தொழிலாளி. படம் முழுக்கத் தெருவில் எடுக்கப்பட்டது. இன்னொரு நுட்பமும் உண்டு. சைக்கிள் களவுபோகும் நேரத்தில் அவன் ஒட்டிக்கொண்டிருப்பது ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டி. 'இங்கிலீஷ் படம்' மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு நாட்டில் இந்தக் காட்சி எவ்வளவு பேசியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடகு, வேலையின்மை, பிள்ளையின் முன் தலைகுனியும் தகப்பன். இவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. இந்தியப் படக்காரர்களை உலுக்கியது கதை மட்டுமன்று. அரங்கம் இல்லாமல், நட்சத்திரம் இல்லாமல், ஆடம்பர உடை இல்லாமல் ஒரு படம் எடுக்கலாம் என்ற செய்தி அது. பணமில்லாத நாட்டிலிருந்து வந்ததால் அந்தச் செய்திக்குக் கூடுதல் மதிப்பு.

பார்த்தவர்கள் செய்தது

கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி இயக்குநரான பிமல் ராய், தம் குழுவினரோடு பம்பாய்க்கு வந்திருந்த காலம் அது. விழாவில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே 'தோ பீகா ஜமீன்' (1953) வெளிவந்தது. சலீல் சௌத்ரியின் கதை. படத்தொகுப்பும் திரைக்கதையும் ரிஷிகேஷ் முகர்ஜி. இரண்டு பீகா நிலத்தை ஜமீன்தாரிடமிருந்து மீட்கக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கும் குடியானவனாகப் பால்ராஜ் சஹானி நடித்தார். அதற்காகக் கல்கத்தாத் தெருக்களில் ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். உடன் வரும் மகன் ஜோடு துடைக்கிறான்.

தகப்பன், மகன், நகரம், ஒரு வாகனம். இத்தாலியப் படத்தின் சாயல் தெளிவு. ஆயினும் இதனை நகல் என்று தள்ள முடியாது. ரோமில் களவுபோவது சைக்கிள். இங்கே போவது நிலம். நிலம் போனால் குடியானவனுக்கு என்ன மிஞ்சும் என்பது இந்தியக் கேள்வி. படத்தில் பாட்டும் உண்டு. அதை விட்டுவிடும் துணிவு பிமல் ராய்க்கு இல்லை என்று சொல்வோர் உண்டு. பாட்டுக்காக வந்தவர்களையும் அந்தக் கதை கேட்க வைத்தார் என்று சொல்வதே நியாயம். 1954 கான் விழாவில் இப்படம் சர்வதேசப் பரிசு பெற்றது.

சத்யஜித் ராய் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 1952 விழாவைப் பார்த்துத்தான் 'பதேர் பாஞ்சாலி' பிறந்தது என்று சில கட்டுரைகளில் காணப்படுகிறது. அது சரியன்று. விளம்பர நிறுவன வேலையாக 1950-இல் லண்டன் சென்றிருந்தபோதே ராய் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்துவிட்டார். அங்கே சில மாதங்களில் நூறு அளவில் படங்கள் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கப்பலில் திரும்பும்போதே தம் படத்தைத் திட்டமிடத் தொடங்கினார். ஆனால் 1952-இல் கல்கத்தாவில் அவர் பார்த்த இன்னொரு படம் உண்டு: அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்'. முந்தைய ஆண்டு வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற படம். அடுத்தடுத்து மூன்று நாள் மூன்று முறை அதைப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பு தொடங்கியது.

மூன்று முறை பார்த்தது ஆர்வம் மட்டுமன்று. பள்ளியில் கற்பிக்கப்படாத ஒரு பாடத்தை மனப்பாடம் செய்யும் வழி அது. புனே திரைப்பட நிறுவனம் தோன்ற இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

கேரளத்திலும் ஒரு விளைவைக் காணலாம். பி. ராமதாஸ் என்ற இளைஞரும் அவருடைய மாணவ நண்பர்களும் சேர்ந்து எடுத்த 'நியூஸ்பேப்பர் பாய்' 1955-இல், 'பதேர் பாஞ்சாலி'க்குச் சில மாதங்கள் முன்பே வெளிவந்தது. அச்சகத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய அந்தப் படமும் இத்தாலியப் பாணியையே பின்பற்றியது.

சென்னையும் தமிழ்த் திரையும்

விழாவின் இந்தியப் படங்களுள் தென்னகத்திலிருந்து சென்றது 'பாதாள பைரவி' ஒன்றே. மாயாஜாலக் கதை, என். டி. ராமராவ் நாயகன். தெலுங்குப் படமாயினும் சென்னை வாகினி ஸ்டூடியோவில் உருவானது; தமிழ் வடிவமும் உண்டு. தனித் தமிழ்ப் படம் எதுவும் அப்பட்டியலில் இல்லை.

சென்னைக்கு இன்னொரு தொடர்பு உண்டு; அது பலருக்குத் தெரியாது. 'தி ரிவர்' படத்தில் மெலனி என்ற பாத்திரத்தில் நடித்து, பரதநாட்டியமும் ஆடிய ராதா, அடையாறு பிரம்மஞான சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கலாக்ஷேத்திராவில் பயின்றவர். ராதா பர்னியர் என்ற பெயரில் 1980 முதல் அச்சபையின் உலகத் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்தவர் இவரே. ஆக, அமெரிக்கா அனுப்பிய படத்தில் பிரெஞ்சு இயக்குநர் காட்டிய வங்காளத்தில் ஆடியது அடையாற்று நாட்டியம்!

தமிழ்த் திரையின் பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. எஸ். பாலசந்தர், பின்னாளில் உலகம் அறிந்த வீணை பாலசந்தர், ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட விழாவில் 'ராஷோமோன்' பார்த்தார். ஒரு கொலை; அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் கதை. அந்த அமைப்பு அவரைக் கவர்ந்தது. அதே முறையில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். வானொலி அதை ஏற்கவில்லை. பின்னர் ஏவி. மெய்யப்பனிடம் கதையைச் சொன்னார். அவர் ஏற்றார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். 1954 ஏப்ரல் 13 அன்று 'அந்த நாள்' வெளிவந்தது.

அதில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டை இல்லை. தமிழ்ப் படம் என்றால் பாட்டுப் புத்தகத்தோடு கொட்டகைக்குள் போகும் காலத்தில் இது எத்தகைய செயல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கதை 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளில் தொடங்குகிறது. ரேடியோ பொறியாளர் ராஜன் சுட்டுக்கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசன் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். அதாவது நாயகன் முதலிலேயே பிணம். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஐவர் மீது ஐயம். ஒவ்வொருவர் வாயிலாகவும் கதை திரும்பத் திரும்ப விரிகிறது.

இங்கே பார்த்ததும் செய்ததும் எங்கே பிரிகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். 'ராஷோமோ'னில் உண்மை எது என்று கடைசிவரை தெரியாது. சாட்சிகள் ஒருவரையொருவர் பொய்யாக்குகிறார்கள். படம் தீர்ப்புச் சொல்வதில்லை. 'அந்த நாளி'ல் உண்மை வெளிப்படுகிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனை மனைவியே சுட்டாள் என்று முடிகிறது. இந்த வகையில் அது குரோசாவாவின் படத்தைவிட, ஆந்தனி அஸ்க்வித் எடுத்த 'தி வுமன் இன் க்வெஸ்டியன்' என்ற 1950-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படத்துக்கு நெருக்கம் என்று விமர்சகர்கள் சுட்டுகிறார்கள். அது ஏற்கத்தக்க கருத்தே. குரோசாவாவிடமிருந்து பாலசந்தர் எடுத்துக்கொண்டது தத்துவம் அன்று, கட்டட வரைபடம். அந்த வரைபடத்தில் நம்மூர் வீட்டை எழுப்பினார். சென்னை நகரத்தின் போர்க்கால அச்சமும், திறமைக்கு அரசு உதவி மறுக்கப்பட்ட ஓர் இளைஞனின் கசப்பும் ஜப்பானியப் படத்தில் இல்லாதவை.

படம் முதல் ஓட்டத்தில் வசூலில் வெற்றி பெறவில்லை. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது; 'மலைக்கள்ள'னுக்கு வெள்ளிப் பதக்கம். இரண்டையும் அருகருகே வைத்தால் படமுதலாளிகள் எந்தப் பாடத்தைப் படித்திருப்பார்கள் என்பது விளங்கும். பாட்டில்லாப் படம் தமிழில் வழக்கமாகவில்லை. இத்தாலியப் பாணித் தெருப் படமோ இன்னும் தாமதமாகவே வந்தது. சேரி மக்களின் வாழ்வைக் காட்டிய ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' 1965-இல்தான் வெளியாயிற்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஓரிரு ஆண்டில் முளைத்தது சென்னையில் ஏன் முளைக்கவில்லை? சென்னை அப்போது ஸ்டூடியோக்களின் நகரம். வாகினி, ஏவி.எம்., ஜெமினி என்று பெரும் அரங்கங்களும் மாதச் சம்பளக் கலைஞர்களும் இருக்கையில், காமிராவைத் தெருவுக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய தேவை முதலாளிக்கு எழவில்லை. பார்த்த கண் இருந்தது, தேவை இல்லை.

விழா முடிந்த பிறகு

அடுத்த சர்வதேச விழாவுக்கு இந்தியா ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1961-இல் டெல்லியில் நடந்தது. இடைப்பட்ட காலத்தைத் திரைப்படச் சங்கங்கள் நிரப்பின. ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் 1947-இல் தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கம் நின்றுபோய், 1956-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ராய் தலைவர், அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் சார்பில் இருந்த அம்மு சுவாமிநாதன் துணைத்தலைவர்களுள் ஒருவர். தூதரகங்களிடம் பிரதிகளை இரவல் வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவது இச்சங்கங்களின் முறை. விழாவில் ஒரு வாரம் கிடைத்ததை ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகக் கொடுக்கும் ஏற்பாடு எனலாம்.

இதற்குச் சட்டமும் இடம் கொடுத்தது. விழா ஊர் ஊராகச் சென்ற அதே பருவத்தில், 1952 மார்ச்சில், ஒளிப்படச் சட்டம் நிறைவேறியது. பொதுமக்களுக்குக் காட்டும் படம் தணிக்கைச் சான்று பெற வேண்டும் என்று விதித்த அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. விழாப் படங்கள் தணிக்கையின்றிக் காட்டப்படுவது இந்தப் பிரிவினால்தான். பிற்காலத்தில் இந்த விலக்கே விழாக்களுக்கு வேறொரு கூட்டத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. வெட்டப்படாத காட்சி இருக்கும் என்று கேள்விப்பட்டுக் கதவை முட்டியவர்கள், ஹங்கேரிய விவசாயி இரண்டு மணிநேரம் மௌனமாக உழுவதைப் பார்த்துவிட்டு எழுந்துபோன கதைகள் விழா வட்டாரத்தில் ஏராளம்.

1965-இல் டெல்லியில் நடந்த மூன்றாவது விழா முதன்முதலாகப் போட்டி விழாவாயிற்று. நடுவர் குழுவின் தலைவர் சத்யஜித் ராய். தங்க மயில் விருது இலங்கைக்குப் போனது: மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கிய 'கம்பெரலிய'. ஸ்டூடியோவுக்குள் நுழையாமல், கிராமத்து வீட்டில் எடுக்கப்பட்ட சிங்களப் படம். சென்னை ஸ்டூடியோக்களில் தமிழ்ப் பட அச்சில் வார்க்கப்பட்ட சிங்களப் படங்களுக்கு எதிராகவே பீரிஸ் தம் வழியை வகுத்தார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

போட்டியில்லாத ஆண்டுகளில் 'ஃபிலிமோத்சவ்' என்ற பெயரில் நகரம் மாறி மாறி விழா நடத்தும் வழக்கம் எழுபதுகளில் வந்தது. அப்படி 1978 ஜனவரியில் சென்னைக்கு மீண்டும் உலகப் படங்கள் வந்து சேர்ந்தன. 1952-இல் விழாவைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் அப்போது வரிசையில் நின்றிருக்கக்கூடும். 2003 முதல் இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் நடத்தும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா ஆண்டுதோறும் நடந்துவருகிறது. மத்திய அரசின் விழா 2004 முதல் கோவாவில் நடைபெறுகிறது. பெட்டி பெட்டியாக வந்த பிலிம் சுருள்கள் போய், இப்போது படங்கள் சிறு வன்தட்டுகளில் வருகின்றன. அடியில் ஓடும் எழுத்து மட்டும் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலமே.